மூன்று முறை குத்திய ஊசி

மார்ச் 3

கத்திரிக்கு,

'அன்புள்ள' என்று போட்டுத் தொடங்கத்தான் பார்த்தேன். கை வரவில்லை. படத்தை வெட்டி ஒட்டும் படிப்புக்கு நீ போன நாளிலிருந்து வீட்டில் உனக்குக் கத்திரி என்றுதான் பெயர். அதையே போட்டுவிட்டேன்.

போன வாரம் போனில் நான் கத்தினேன், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக என் நம்பரையே அடைத்துவிட்டாய். பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்து கூப்பிட்டால், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். ஹாஸ்டல் முகவரிக்குத் தபால் வந்தால் வாங்கித்தானே ஆகவேண்டும். கிழித்துப் போடும்முன் இரண்டு வரியாவது கண்ணில் படும். எனக்கு அது போதும்.

அம்மாவை ஊசி மேஜையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பத்தொன்பது வருஷம் அந்த லேபில் ரத்தம் எடுத்த கை. "ஒரே குத்து அக்கா இருக்காங்களா?" என்று கேட்டு, இல்லையென்றால் மறுநாள் வருகிறேன் என்று திரும்பிப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். அந்த அக்கா இப்போது பின்னறையில், ஜன்னல் இல்லாத மூலையில் உட்கார்ந்து டியூப்புக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

காரணம், லேபில் அம்மா வேலை செய்வதை நீ எடுத்த படம். உன் கல்லூரிக்காரர்கள் அதைத் தங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். லேப் ரிசப்ஷனில் இருக்கும் பெண் பார்த்துவிட்டு, "நம்ம அக்கா, நம்ம லேப்" என்று பெருமையாக ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறாள். அது முதலாளி வரைக்கும் போய்விட்டது. ஐந்தரை நிமிஷம் நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். பஞ்சு, கையுறை, டியூப் மூடிகள், எல்லாம் நான் வாசித்துக் கொடுத்த டிரம்ஸுக்குச் சரியாக விழுகின்றன. கடைசியில் என்ன வைத்திருக்கிறாய்? ஊசி இறங்குகிறது. ரத்தம் வரவில்லை. அம்மாவின் விரல் ஓர் உதறு உதறுகிறது, ஊசியை வெளியே இழுக்கிறாள். மறுபடி குத்துகிறாள், அதே கதி. மறுபடியும். டம், டம், டம். திரை இருட்டு. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? இந்தப் பொம்பளை மூன்று தடவை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை என்றுதானே?

முதலாளி நாகரிகமாகத்தான் சொன்னாராம். "ஞாயித்துக்கிழமை லேபைத் திறந்து விட்டது உங்க பொண்ணு படிப்புக்காகம்மா. இப்ப நாலு பேர் கேக்குறாங்க. கொஞ்ச நாள் உள்ள இருங்க." அம்மா கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

படத்தை எடுத்துவிடு. கல்லூரிப் பக்கத்திலிருந்தும் போட்டியிலிருந்தும். இந்த வாரமே. பிறகு முதலாளிக்கு ஒரு கடிதம் எழுது. உன் மதிப்பெண்ணுக்கு அம்மாவின் மேஜையை விலையாகக் கேட்காதே.

அண்ணன்

•

மார்ச் 9

அண்ணாவுக்கு,

கிழிக்கவில்லை. முழுக்கப் படித்தேன். இரண்டு தடவை.

அம்மாவிடம் பேசினேன். "கால் வலிக்கு உக்காந்த வேலை நல்லதுதான்டி, நீ உன் படிப்பப் பாரு" என்றாள். அழவில்லை, திட்டவில்லை. சாதாரணக் குரல்தான். நீதான் ஊதி ஊதிப் பெரிதாக்குகிறாய்.

எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் பழியை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டு நீ நழுவப் பார்க்கிறாயே, அதுதான் பொறுக்கவில்லை. அந்த மூன்று தடவை யாருடையது? எங்களுக்குக் கொடுத்த வேலை என்னவென்று உனக்கு வரிவரியாகச் சொன்னேன். ஆறு நிமிஷப் படம், பேச்சே கூடாது, முதலில் இசை, அதன் அடிக்கு மட்டுமே வெட்டு. உன் அறைச் சுவரெல்லாம் மெத்தையைச் சாய்த்து வைத்து நீ வாசித்து அனுப்பினாய். கடைசியில் ஒரே அடிதான் வேண்டும் என்று நான் கெஞ்சினேன். நீ என்ன சொன்னாய்? "மூணு தடவ அடிச்சு நிறுத்தினாத்தான் முடிஞ்சுதுன்னு கேக்குறவனுக்குத் தெரியும். ஒத்தை அடில நிறுத்தினா டிரம்ஸ்காரன் எந்திரிச்சு டீ குடிக்கப் போயிட்டான்னு நினைப்பான்." மாற்ற மாட்டேன் என்று அடம் பிடித்தாய். உன் பெயரை என் பெயருக்குச் சமமான எழுத்தில் போடச் சொன்னதையும் ஞாபகப்படுத்தட்டுமா?

மூன்று அடிக்கு மூன்று ஷாட் வேண்டும். ஷாட் என்றால் எதையாவது வைக்க முடியாது, அடி விழுகிற இடத்தில் படத்திலும் ஒன்று துடிக்க வேண்டும். நான்கு மணி நேரம் எடுத்த படத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். அம்மாவின் வேலையில் துடிப்பே கிடையாது. முழங்கைக்கு மேல் பட்டையைக் கட்டுவது, நரம்பைத் தடவிப் பார்ப்பது, குத்துவது, டியூப் மாற்றுவது, எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. அவ்வளவிலும் துடிக்கிற இடம் ஒன்றே ஒன்று, அந்த ஊசி தவறின இடம். அதை மூன்று முறை போட்டேன். ஒரு ஷாட்டை மூன்று தடவை காட்டுவது எங்கள் தொழிலில் உள்ளதுதான். அதைப் பார்த்து லேப் நடத்துகிறவர் பயந்தால் அதற்கு நானா பொறுப்பு?

படத்தை எடுக்க மாட்டேன். மூன்று வருஷமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். முதல்முறையாக என் எடிட்டிங் ஆசிரியர் திரையை நிறுத்தி, கடைசிப் பத்து விநாடியை மறுபடி ஓடவிட்டு, "இத யாரு வெட்டினது?" என்று கேட்டார். போட்டிக்கு எங்கள் வகுப்பிலிருந்து போகிற ஒரே படம் இது. உன் ஒரு கடிதத்துக்காக அதைத் தூக்கிப் போட முடியாது.

தங்கச்சி

•

மார்ச் 14

கத்திரிக்கு,

ஒரே ஷாட்டாம். யாரிடம் கதை விடுகிறாய்?

ஒரே ஷாட் என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்கு நீ செய்த வேலையையும் எழுதியிருக்கலாமே. முதல் தடவை அப்படியே விட்டாய். இரண்டாவது தடவை பெரிதாக்கி, விரலை மட்டும் காட்டினாய். மூன்றாவதை இடம் வலமாகத் திருப்பிப் போட்டாய். அம்மா இடது கையில் ஊசி பிடிக்கிறாள், வலது கையில் வாட்ச் கட்டியிருக்கிறாள். பெற்ற தாயை இடக்கைக்காரியாக்கிவிட்டு, தொழிலில் உள்ளதுதான் என்கிறாய். நான் இருபது தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததால் கண்டுபிடித்தேன். முதலாளி ஒரு தடவைதான் பார்த்தார், அவருக்குத் தெரிந்தது மூன்று குத்து.

மூன்று அடி என்னுடையது, சரி. நான் அடித்தது தோலில். நீ அடித்தது அம்மாவை.

அம்மா சாதாரணமாகப் பேசினாள் என்று எழுதியிருக்கிறாய். போனில் சாதாரணமாகத்தான் பேசுவாள். நேரில் வந்து பார். காலையில் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போடுவதை நிறுத்திவிட்டாள். லேபிள் ஒட்டுவதற்கு எதற்கு இஸ்திரி என்கிறாள். நேற்று நான் சாப்பாட்டு டப்பா கொடுக்கப் போனபோது, அம்மாவுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் ரத்தம் கொடுக்க வந்திருந்தார். கண்ணாடிக் கதவு வழியாக அம்மாவைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார், வந்து எடுங்கள் என்கிற மாதிரி. அம்மா லேபிள் சுருளைக் கீழே போட்டுவிட்டு, அதைத் தேடுகிற சாக்கில் மேஜைக்கடியில் குனிந்துவிட்டாள். அவர் போகிறவரை எழுந்திருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ தெரியாமல் செய்தாய் என்று நான் நம்பவில்லை. நீ கண்ணால் பார்த்ததைத்தான் படத்தில் வைத்தாய். வீட்டுக்குள் இருக்கவேண்டியதைத் திரையில் போட்டுச் சந்தி சிரிக்க வைத்துவிட்டு, இப்போது தாளம், அடி, ஷாட் என்று வித்தை காட்டுகிறாய். என்னிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் ஊரிடம் சொன்னாய் பார், அதை நான் மறக்க மாட்டேன்.

அண்ணன்

•

மார்ச் 21

அண்ணாவுக்கு,

நான் எதைப் பார்த்தேன், எதை ஊரிடம் சொன்னேன்? உன் கடிதத்தின் கடைசிப் பத்தி எனக்குப் புரியவே இல்லை. புரியாததால்தான் எடுத்த படத்தை எல்லாம் முதலிலிருந்து மறுபடி போட்டுப் பார்த்தேன். புண்ணியம் உனக்குத்தான், ஏனென்றால் இந்தத் தடவை சத்தத்தோடு பார்த்தேன்.

எடிட் செய்தபோது நான் சத்தத்தை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. திறக்க அவசியமே இல்லை. உன் டிரம்ஸ் ஒன்றுதான் ஓடியது, மற்றதெல்லாம் ஊமைப்படம். அந்த ஷாட்டில் நான் எடுத்துக்கொண்டது ஒன்றரை விநாடி. முழு ஷாட் நாற்பது விநாடி ஓடுகிறது.

நோயாளிகளைப் படம் எடுக்கக் கூடாது என்று முதலாளி சொன்னதால் நீதான் நாற்காலியில் உட்கார்ந்தாய். நாற்பது விநாடியும் உன் கைதான். ஊசி தவறியதும் அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்கிறது: "டேய், கைய ஆட்டாதடா." படத்தின் அடி ஓரத்தில், நாற்காலிக் கைப்பிடியில் உன் விரல் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது.

சோற்றுத் தட்டிலும் தாளம் போடுகிற ஜென்மம் நீ. பெற்ற தாய் கையில் ஊசி பிடித்திருக்கும்போதும் விரலை அடக்க முடியவில்லை. உன்னால் ஊசி தவறியது. அதற்கு அம்மா பின்னறையில் உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிறாள். நீ எனக்குக் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதி, பெற்ற தாய், மானம், சந்தி என்று பாடம் எடுக்கிறாய். நான் அதை மூன்று தடவை காட்டினேன், சரி. அந்தத் தப்பை முதலில் செய்தது யார்? வாயைத் திறந்து முதலாளியிடம் "நான்தான் சார் ஆட்டினேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா அன்றைக்கே மேஜைக்குத் திரும்பியிருப்பாள். அதைச் சொல்லக்கூட உனக்குத் தைரியம் இல்லை. கோழை.

மார்ச் முடியும்வரை பார்ப்பேன். அதற்குள் நீயே போய் முதலாளியிடம் சொல்லிவிடு. சொல்லவில்லையென்றால் அந்த நாற்பது விநாடியையும், வெட்டாமல், சத்தத்தோடு, நானே அவருக்கு அனுப்புவேன்.

தங்கச்சி

•

மார்ச் 25

அனுப்பாதே.

நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். கோழை என்றால் கோழை, ஆட்டினவன் என்றால் ஆட்டினவன். ஆனால் அந்த நாற்பது விநாடியை யாருக்கும் அனுப்பாதே. காரணம் கேட்காதே, இதைக் காகிதத்தில் எழுத முடியாது. ஊருக்கு வா, சொல்கிறேன். படத்தை எடுக்கச் சொன்னதைக்கூட விட்டுவிட்டேன், போட்டிக்கே அனுப்பிக்கொள்.

அம்மா லேபிள் ஒட்டட்டும். கொஞ்ச நாள்தான். நீ தலையிடாமல் இருந்தால் எல்லாம் அதுவாகவே சரியாகும். கை வைத்தால் கெட்டது.

அண்ணன்

•

ஏப்ரல் 1

அண்ணாவுக்கு,

அனுப்பிவிட்டேன்.

'காரணம் கேட்காதே' என்றால் நான் கேட்காமல் இருக்க, எட்டு வயதுக் குழந்தையா? உன் பெயர் கெடும் என்பதைத் தவிர வேறென்ன காரணம் இருக்கப்போகிறது? நீ பயப்படுவதைப் பார்த்ததும் என் சந்தேகம் எல்லாம் போய்விட்டது.

முந்தாநாள் காலையில் அனுப்பினேன், நேற்றே முதலாளி போன் செய்தார். இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அது ஒரே ஷாட் என்றும், பெரிதாக்கி, திருப்பி மூன்றாக்கியது நான் என்றும், தவறினது ஒரே ஒரு தடவை, அதுவும் அண்ணன் விரலை ஆட்டியதால் என்றும் ஒன்றும் மறைக்கவில்லை. நாற்பது விநாடியையும் அவர் ஊழியர்களைக் கூட்டி வைத்துப் போட்டுக் காட்டினாராம். எல்லாரும் சிரித்தார்களாம். "உங்க அண்ணன் தாளக்காரர்னு தெரியும், ஊசி குத்தும்போதுமா?" என்று கேட்டார். பிறகு எல்லார் முன்னாலும் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாராம். திங்கட்கிழமையிலிருந்து அம்மா ஊசி மேஜையில் உட்காருகிறாள்.

உனக்கு நெஞ்சு ஆறட்டும் என்று இதையும் எழுதுகிறேன். படத்தைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். கடைசியில் அந்த ஷாட்டை ஒரே ஒரு தடவை வைத்து, உன் இரண்டு அடியை வெட்டி எறிந்துவிட்டு, புதிதாகக் கொடுத்தேன். ஆசிரியர் பார்த்துவிட்டு, "முடிஞ்ச மாதிரி இல்லையே, நின்னுபோன மாதிரி இருக்கு" என்றார். எங்கள் வகுப்பிலிருந்து வேறொருத்தி படம் போகிறது. நான் செய்த தப்புக்கு நான் கொடுத்துவிட்டேன். நீ என்ன கொடுத்தாய்?

இனிமேல் எனக்கு எழுதாதே. அம்மா மேஜைக்குப் போகிற அன்று கோட்டுக்கு இஸ்திரி மட்டும் போட்டுக் கொடு. அதையாவது செய்.

தங்கச்சி

•

ஏப்ரல் 6, திங்கட்கிழமை

கத்திரிக்கு,

எழுதாதே என்றாய். எழுதத்தான் வேண்டியிருக்கிறது. உன் கடிதம் சனிக்கிழமைதான் கையில் கிடைத்தது. அதற்கு முன்பே, முதலாளி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்ட அன்றே, மூன்று பேர் போனிலிருந்து கூப்பிட்டேன். மூன்று தடவையும் வைத்துவிட்டாய்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊசி தவறியதும் உன் காமிராவில் பேட்டரி தீர்ந்தது. நீ நிறுத்திவிட்டு, கீழே ரிசப்ஷனில் வைத்திருந்த பையிலிருந்து வேறு பேட்டரி எடுக்கப் போனாய். நீ படியிறங்கும் சத்தம் கேட்டதும் அம்மா, "அவ வர்றதுக்குள்ள இன்னொரு தடவ பாத்துடறேன்டா" என்றாள். குத்தினாள், கிடைக்கவில்லை. இன்னொரு இடத்தில் குத்தினாள், அங்கே நீலமாக வீங்கிவிட்டது. நீ மூன்று தடவை காட்டினாய் அல்லவா? உண்மையிலேயே மூன்று தடவைதான்.

நீ திரும்பி வருவதற்குள் நான் முழுக்கைச் சட்டையை இறக்கி விட்டுக்கொண்டேன். "யார் உன்னை சட்டைய இறக்கச் சொன்னா, ஷாட்டுக்கு ஷாட் சேராது" என்று என்னைத் திட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? நான் குளிருகிறது என்றேன். நீ கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத்தான் வந்தாய் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். படத்தில் மூன்று குத்தைப் பார்த்ததும், பார்த்தேவிட்டாள், எங்களிடம் கேட்காமல் ஊருக்குக் காட்டிவிட்டாள் என்று ரத்தம் கொதித்தது. நீ ஒன்றும் பார்க்கவில்லை. அது உன் மார்ச் 21 கடிதத்தைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன், சொல்லவில்லை.

நான் விரலை ஆட்டவில்லை. நீதான் எடிட்டர், மறுபடி போட்டுப் பார். முதலில் எது வருகிறது, அம்மா பேசுவதா, என் விரலா என்று பார். காமிரா ஓடிக்கொண்டிருந்தது, அம்மா உன்னை நினைத்துத்தான் ஆட்டாதே என்றாள். அவள் சொன்ன பிறகுதான் ஆட்டினேன்.

அம்மாவுக்கு வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நாலு மாதமாக மரத்துப்போகின்றன. சில நாள் சரியாக இருக்கும், சில நாள் ஒன்றுமே தெரியாது. மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதாம், சின்ன ஆபரேஷன், சரியாக நிறைய வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இந்த மாதம் 20ஆம் தேதி கொடுத்திருக்கிறார். அதுவரை கஷ்டமான கைகளை எல்லாம் 'கண்ணு சரியாத் தெரியல' என்று கூட ரத்தம் எடுக்கும் சின்னப் பெண்ணிடம் தள்ளிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். 20ஆம் தேதிக்கு முன்னால் வேறு ஏதாவது சொல்லி லீவு போட்டு, ஆபரேஷன் முடித்து, ஓசைப்படாமல் திரும்பி வந்து மேஜையில் உட்கார வேண்டும். அதுதான் எங்கள் திட்டம். "கை மரத்துப்போச்சுன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் அப்புறம் எவனும் எங்கிட்ட கைய நீட்டமாட்டான்டா" என்றாள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றதும் அவள்தான். பரீட்சை நேரமாம்.

உன் படத்தால் மேஜை போனது. போனதில் ஒரு நல்லது இருந்தது, அதை நான் ஒப்புக்கொள்ள மறுத்தேன். யாருக்கும் வலிக்காமல் அவள் பின்னறையில் இருந்தாள். நீ அவளைத் தூக்கிக்கொண்டு வந்து மறுபடி மேஜையில் உட்கார வைத்துவிட்டாய். ஊரே கூடி மன்னிப்புக் கேட்ட பிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்?

இன்று காலை ஆறு மணிக்கே கோட்டுக்கு இஸ்திரி போட்டுவிட்டாள். நான் போட்டுத் தருகிறேன் என்றதற்கு, "நீ கைய ஆட்டிடுவ" என்று சிரித்தாள். ஒரு வாரமாக லேபில் எல்லாரும் என்னை அப்படித்தான் கேலி செய்கிறார்கள், "ஆட்டின கை இதுதானா?" என்று பிடித்துப் பார்க்கிறார்கள். நானும் கூடவே போய் வெளி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முதல் ஆள் சரியாகப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதாக ஒரு மெலிந்த அம்மாள் வந்தாள். "ரெண்டு வாரமா வேற யார்கிட்டயும் காட்டாம உங்களுக்காக இருந்தேன், நீங்கன்னா வலிக்காது" என்றாள். அம்மா பட்டையைக் கட்டினாள். கட்டைவிரலால் தடவினாள். மறுபடி தடவினாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது, ஆனால் தெரிந்துவிட்டது. பட்டையை அவிழ்த்தாள், பிரிக்காத ஊசியைத் தட்டில் வைத்தாள், கையுறையைக் கழற்றினாள். எழுந்து முதலாளி அறைக்குப் போகாமல் அங்கிருந்தே கூப்பிட்டாள். வரிசையில் பதினைந்து பேர் இருந்தார்கள்.

"சார், என் பையன் கைய ஆட்டல. அவன் மரக்கட்ட மாதிரி உக்காந்திருந்தான். என் விரல்தான் மரத்துப்போச்சு. மூணு தடவ குத்தினேன், மூணும் போயிடுச்சு. என் பொண்ணு படத்துல இருக்கறது சரிதான்."

மூன்றாவது ஆள், அந்த மெலிந்த அம்மாள், நீட்டின கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் சட்டைக் கையை இறக்கி விட்டாள், "அந்தப் பொண்ணு நல்லா எடுப்பா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும், "உன்னப் போயி எல்லாரும் சிரிக்கறாங்களேடா" என்று அழுதாள்.

மேஜை திரும்பக் கிடைக்குமா என்று தெரியாது. ஆபரேஷன் முடிந்து வரட்டும் என்று மட்டும் முதலாளி சொல்லியனுப்பினார்.

உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை.

அண்ணன்

•

ஏப்ரல் 11

அண்ணாவுக்கு,

போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தேன். ஒரு விநாடிக்கு இருபத்தைந்து ஃப்ரேம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஊசி தவறும்போது உன் கை அசையவில்லை. அம்மா 'ஆட்டாதடா' என்று சொல்லி முடிக்கும்வரை உன் ஐந்து விரலும் கைப்பிடியில் ஒட்டிவைத்த மாதிரி இருக்கின்றன. சொல்லி முடித்த இடத்திலிருந்து எண்ணினேன். பதினோரு ஃப்ரேம். அதற்குப் பிறகு உன் ஆள்காட்டி விரல் எழும்புகிறது. அரை விநாடிகூட இல்லை. அம்மா என்ன சொல்கிறாள், எதற்குச் சொல்கிறாள், யாருக்குச் சொல்கிறாள் என்று அதற்குள் உனக்குப் புரிந்து, அதற்குள் பழியை ஏற்றுக்கொண்டு, அதற்குள் விரலைத் தூக்கியும்விட்டாய். நான் அதே ஷாட்டை இரண்டு மாதம் பார்த்தும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பார்க்கிறதுதான் என் படிப்பு.

இதைப் பார்த்துவிட்டு நான் அழுதேன் என்று நீ நினைத்துக்கொள்வாய். அழுதேன்தான். ஆனால் உன்மேல் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே, கூடிவிட்டது. நாலு மாதம். நீயும் அம்மாவும் ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்கு மட்டும் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் முன்னால் அவள் எழுந்து நின்றிருக்க மாட்டாள். சத்தியம் செய்தாயாம். உன் சத்தியத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போடு. நான் யார், எடிட் பண்ணிக் கொடுக்கிற ஆளா? கோழை என்று எழுதினதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும்.

அம்மாவிடம் பேசினேன். "உனக்குப் பரிசு போச்சே" என்றாள். அதற்குமேல் என்னால் கேட்க முடியவில்லை, வைத்துவிட்டேன்.

19ஆம் தேதி காலை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே, எனக்கு வழி தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு வலது கையை இரண்டு வாரம் கட்டிவைப்பார்களாம், விசாரித்துவிட்டேன். சாப்பாடு நான்தான் ஊட்டுவேன். இத்தனை நாள் எல்லாவற்றையும் நீ ஒருத்தனே வைத்துக்கொண்டாய். இதில் பங்குக்கு வராதே.

தங்கச்சி